மூடிய ஆற்றில் இரண்டு மீன்கள்

பிக்கப் வண்டியின் அலாரம் ஒரே மூச்சாக அலறத் தொடங்கியபோது காலை எட்டு மணி. கீழே பேக்கரி வரிசையில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். எனக்கு முன்பே ரோனா தெருவுக்கு வந்திருந்தார்.

தெரு நடுவில் ஓர் இழுவை லாரி. அதன் கொக்கியில் ஒரு பச்சை பிக்கப், பின் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்க, மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றது. சரிந்த முன்மூடியின் மேல், கம்பளிக் குல்லாவும் ரப்பர் பூட்ஸுமாக மெரெ டிக்சன் உட்கார்ந்திருந்தார். கையில் ஆவி பறக்கும் சீஸ் ரோல். அலாரத்தைப் பற்றிய கவலையே இல்லாமல் கடித்து மென்றுகொண்டிருந்தார்.

“எறங்குங்க மெரெ. எனக்கு இன்னும் ரெண்டு வேலை கெடக்கு,” என்று அலாரம் ஓய்ந்ததும் லாரி டிரைவர் கெஞ்சினான்.

“சாப்புட்டுட்டு இருக்கேன்ல? போய் அந்த ரெண்டு வேலையப் பாரு.”

வண்டியைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கூம்புகளைச் சம இடைவெளியில் வைத்துக்கொண்டிருந்தார் நெவில் கார்மைக்கேல். வைத்த கூம்பை ஒரு முறை தள்ளி நின்று பார்ப்பார். சரியில்லை என்றால் ஓர் அங்குலம் நகர்த்துவார். தூண்டில் சங்கத்தின் செயலாளர், ஹாக்ஸ்பர்ன் ஆற்றின் கௌரவக் காவலர். பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஜூன் நடுக்குளிர்காலம்; அந்த உறைபனியிலும் டை கட்டியிருந்தார். ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியை இழுப்பது சாலை விதிப்படி தவறு, மெரெ இறங்கும்வரை லாரி நகரக் கூடாது என்று டிரைவரிடம் அவர்தான் கறாராகச் சொன்னாராம். வண்டியில் இருந்த பொருள்களுக்கெல்லாம் பட்டியலும் போட்டு வைத்திருந்தார். கடைசி வரி: ‘கடித்த ஆப்பிள், ஒன்று.’

இங்கே எங்களைப் பற்றி இரண்டு வரி. ரோனா மெக்கில்ரேத் முப்பது வருஷம் போலீசில் இருந்தவர். இப்போது ஆர்ட்லோ ஊரின் ஒரே துப்பறியும் நிபுணர். நான் டாமா பரடா, அவருடைய ஒரே உதவியாளன். ஆட்டு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தவன், முதுகு போனதால் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இரண்டு தொழிலிலும் கையில் சிக்குவது முரண்டு பிடிக்கும். ஆனால் ஆடு பொய் சொல்லாது.

“ஆன்ட்டி, என்ன ஆச்சு?” என்றேன். எங்கள் இனத்தார் கூடும் பொது மண்டபமான மராயில் என் அம்மா வயதுள்ள எல்லாப் பெண்களும் எனக்கு ஆன்ட்டிதான். மெரெ கொஞ்சம் கூடுதலாகவே ஆன்ட்டி. எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வார். உண்மையில் ஆற்றில் தள்ளிவிட்டுச் சிரித்தவர்.

விஷயத்தை அவர் வாயில் ரோலுடனே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை யாரோ பெயர் சொல்லாமல் நெவிலுக்குப் போன் செய்திருக்கிறார்கள். நெவில் பூங்கா அதிகாரியை அழைத்துக்கொண்டு மெரெ வீட்டுக்குப் போயிருக்கிறார். மெரெயின் இதே பச்சை பிக்கப்பின் பின் தட்டில், தார்ப்பாய்க்கு அடியில், ஈரச் சாக்கில் இரண்டு பெரிய டிரவுட் மீன்கள். வாசலில் மெரெயின் ஆற்று பூட்ஸ், சொட்டச் சொட்ட ஈரமாக. பாலத்துக்குக் கீழே உள்ள மடுவின் மணலில் அதே பூட்ஸின் தடம்.

ஹாக்ஸ்பர்ன், தேசியப் பூங்காவுக்குள் ஓடும் ஆறு. நவம்பர் முதல் தேதி பருவம் திறக்கும், ஏப்ரல் முப்பதில் மூடும். அதன்பின் மீன்கள் முட்டையிட மேலே ஏறும். அந்த மாதங்களில் மடுவின் பக்கம் தூண்டிலோடு ஒதுங்கினாலே எங்கள் ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். முப்பத்தொரு வருஷமாக வெளியூர் ஆட்களை அந்த ஆற்றுக்கு அழைத்துப் போய் மீன் பிடிக்கச் சொல்லித்தரும் வழிகாட்டி மெரெ. பூங்கா கொடுத்திருக்கும் வழிகாட்டி அனுமதியே மொத்தம் ஆறுதான். அதில் ஒன்று அவருடையது.

“இன்னிக்கி ரெண்டு மணிக்கு சங்கத்து ஹால்ல விசாரணை,” என்றார் மெரெ. கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து ரோனாவிடம் நீட்டினார். “இதுல கையெழுத்துப் போட்டா ஒரு வருஷம் மட்டும் வீட்ல இருக்கணுமாம். போடலன்னு வெய்யி, சங்கத்து விசாரணைக் குழு என்னைக் குத்தவாளின்னு சொல்லிருச்சுன்னா, சாகுற வரைக்கும் அந்த ஆத்துல காலு வெக்கக் கூடாது.”

ரோனா படித்தார். மூடிய பருவத்தில், முட்டையிடும் மடுவில், நான் இரண்டு மீன்களைப் பிடித்தேன் என்று ஒப்புக்கொள்ளும் அச்சடித்த படிவம். பெயருக்கு மட்டும் கோடு விட்டிருந்தது.

“ஒரு வருஷம்தானே மெரெ,” என்றார் ரோனா. இருவரும் பள்ளி நாட்களில் எதிரெதிர் நெட்பால் அணியில் ஆடியவர்கள். இப்போதும் பேச்சில் பந்தை நேராக முகத்துக்கே எறிவார்கள். “போட்டுட்டுப் போயேன். அடுத்த நவம்பர் தவறினா அதுக்கடுத்த நவம்பர்.”

மெரெ ரோலை இறக்கிவைத்தார். “செய்யாத தப்புக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆறு போனாலும் போகட்டும்.”

“அது தெரிஞ்சா போதும்,” என்று ரோனா காகிதத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். சோதித்துத்தான் பார்த்திருக்கிறார்.

நெவில் தொண்டையைச் செருமினார். பறிமுதல் ரசீதில் மெரெ கையொப்பமிட வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார். மெரெ அந்த ரசீதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுவும் நல்லா எரியுமா நெவில்?”

பேக்கரி வரிசை முழுக்கச் சிரித்தது. காரணம் ஊருக்கே தெரியும். ஏப்ரல் மாதம் சங்கக் கூட்டத்தில், ஆற்றுக்குப் புதிய விதிகள் என்று நெவில் பதினாறு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வழிகாட்டிகள் எந்தக் கல்லில் நிற்க வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது. கூட்டம் முடிந்ததும் வெளியே சாசேஜ் சுடும் அடுப்பு பற்றவில்லை. மெரெ அந்தப் பதினாறு பக்கத்தையும் உருட்டி உள்ளே செருகித் தீக்குச்சி கிழித்தார். சாசேஜ் அருமையாக வெந்தது.

நெவில் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “விதிய எரிக்கிறவங்க ஒரு நாள் மீறுவாங்க. நான் எப்பவும் சொல்றதுதான்,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு கூம்பை நேராக்கினார்.

மெரெ கடைசிக் கவளத்தை விழுங்கி, கையைத் தட்டிக்கொண்டு, தானாகவே இறங்கினார். வண்டி போவதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூங்கா அலுவலகத்தில் லாக்லன் என்ற அதிகாரி பொறுப்பில் இருந்தான். நல்லவன். மெரெ அவனுக்கும் நீச்சல் கற்றுக்கொடுத்தவர் என்பதால் எங்கள் கண்ணைப் பார்க்கக் கூசினான். குற்றம் சாட்டப்பட்டவர் சார்பில் வருகிறவர் அதிகாரி முன்னிலையில் சான்றுப் பொருளைப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. அதை ரோனா நினைவுபடுத்தியதும் நிம்மதியாக ஃப்ரீசரைத் திறந்தான்.

எஃகுத் தட்டில் இரண்டு மீன்கள். இரண்டும் ஆண். சினையைப் பார்த்து மாதம் சொல்லும் வழி அதோடு அடைபட்டது. தங்க நிறத்தில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள். ஒவ்வொன்றும் என் முழங்கையிலிருந்து விரல் நுனி தாண்டியது.

“ரெண்டு மட்டும்தானா?” என்றார் ரோனா.

லாக்லன் ஆமென்றான்.

“பருவம் தொறந்திருக்கறப்போ ஒரு நாளைக்கு எத்தன புடிக்கலாம்?”

“ரெண்டு. ஆனா இப்பதான் பருவமே மூடியிருக்கே ரோனா. ஒண்ணு புடிச்சாலும் தப்புதான்.”

ரோனா என் பக்கம் திரும்பினார். “டாமா, நீ ஒரு வீட்டுப் பூட்ட ஒடச்சு உள்ள போற. செருப்ப வாசல்ல கழட்டிட்டா போவ?”

“எங்க மராய்ல திருடப் போனா கழட்டித்தான் ஆகணும் பாஸ். இல்லன்னா ஆன்ட்டிங்க அதே செருப்பால அடிப்பாங்க.”

அவர் சிரிக்கவில்லை. என் பதிலை எங்கோ முடிந்துவைத்துக்கொண்டது போல் ஒரு பார்வை பார்த்தார். இந்த மாதத்தில் அந்த மடுவில் மீன்கள் அடுக்கிய விறகு மாதிரி நிற்கும். சாக்கை முக்கினால் இருபது வரும். சட்டத்தை மீறி இறங்கியவன் சட்டம் சொன்ன எண்ணிக்கையில் ஏன் நிறுத்தினான்? கேள்வியை லாக்லனின் மேசைமேல் வைத்துவிட்டு, பெரிய மீனின் வயிற்றைக் கீறச் சொன்னார்.

லாக்லன் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கத்தியை எடுத்தான். உறைந்த வயிறு பிளந்தது. உள்ளே கறுப்பாகச் சுருண்ட ஏதோ மூன்று. ஒன்றுக்கு வால் இருந்தது.

“எலி,” என்றேன். “பாஸ், இது மீனா பூனையா?”

எங்கள் பக்கத்துக் காடுகளில் பீச் மரங்கள் அளவுக்கு மீறி விதை காய்த்துக் கொட்டும் வருஷம் ஒன்று வரும். விதையைத் தின்று எலிகள் பெருகும். அடுத்த கோடையில் கூட்டம் கூட்டமாக ஆற்றை நீந்திக் கடக்கும். டிரவுட் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். அதை எலி வருஷம் என்போம். தூண்டில்காரர்கள் அந்தக் கோடைக்காகவே விடுப்பைச் சேர்த்து வைப்பார்கள். போன கோடை, அதாவது டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, எலி வருஷம். மார்ச் பிறந்தபோது விதை தீர்ந்து எலிகளும் மாயமாகிவிட்டன. அதிலும் ஜூனில் முட்டையிட ஏறும் மீன், கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி, சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காது.

“ஆக, இந்த மீனுங்க ஞாயித்துக்கெழம சாகல,” என்றார் ரோனா. “கோடையிலயே செத்துருச்சு. யாரோ ஃப்ரீசர்ல வெச்சிருந்து, பனி உருக்கி, சாக்குல போட்டிருக்காங்க. கொடலக்கூட எடுக்கல பாரு. துடுப்பு ஒண்ணுகூட மடங்கல.”

சாப்பிடப் பிடித்தவன் அப்போதே குடலை எடுத்திருப்பான். முழுசாகப் பத்திரப்படுத்துகிறவனுக்கு மீன் தட்டுக்கு அல்ல, சுவருக்கு. பாடம் செய்து பலகையில் மாட்ட.

லாக்லன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். ஆனால் தலையைச் சொறிந்தான். குழு இதை நம்பும் என்று தன்னால் சொல்ல முடியாது, பூட்ஸ் ஈரம், தடம் பொருந்துகிறது, மூன்று எலியை வைத்து அதையெல்லாம் தள்ளிவிட முடியுமா என்றான்.

“பூட்ஸக் காட்டு.”

முத்திரை வைத்த பிளாஸ்டிக் உறையில் இருந்தது பூட்ஸ். லாக்லன் பிரித்ததும் ரோனா மூக்கை உள்ளே விட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். நானும் விட்டேன். எலுமிச்சை வாசனை. பாத்திரம் தேய்க்கும் சோப்பு. தையல் இடுக்கில்கூட ஒரு மண் துகள் இல்லை.

நான் அங்கிருந்தே மெரெயைப் போனில் பிடித்தேன். பூட்ஸைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் ஆன்ட்டி என்று கேட்டேன். பருவம் மூடிய அன்றைக்கு என்றார். அதன்பின் அதைப் போட்டுக்கொண்டு ஆட்டுத் தொழுவத்துக்குத்தான் போகிறாராம். சனிக்கிழமை சாயங்காலம் கழற்றியபோது கணுக்கால் வரை புழுக்கையாம். ஞாயிறு காலை பளபளவென்று இருந்ததே, அதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன்.

“சொல்லி? ‘திருடன் வந்தான், என் பூட்ஸக் கழுவி வெச்சிட்டுப் போனான்’னு சொல்லவா? ஏற்கனவே என்னைத் திருடிங்கறானுங்க. பைத்தியம்னும் சொல்லட்டுமா?”

டெரெக் ஆம்ப்லெட்டின் விடுதிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. வழியெல்லாம் நான் வழக்கை முடித்துவிட்டிருந்தேன். ஹெலிகாப்டரில் விருந்தாளிகளை இறக்கும் பணக்கார விடுதி. டெரெக்கிடம் எல்லாம் உண்டு, வழிகாட்டி அனுமதி மட்டும் இல்லை. இருக்கும் ஆறு அனுமதியில் ஒன்று காலியானால்தான் கிடைக்கும். வரவேற்பறைச் சுவர் முழுக்கப் பாடம் செய்த மீன்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

“கைவிலங்கு கொண்டு வந்திருக்கலாம் பாஸ்,” என்றேன்.

டெரெக் கணப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய ஆற்று பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. அடிப்பாகம் கம்பளி. பாசி ஒட்டி ஆற்றுக்கு ஆறு பரவுகிறது என்று இந்த நாடே தடை செய்த ரகம். எங்களைப் பார்த்ததும் அதை மறைக்கக்கூட அவன் மெனக்கெடவில்லை.

“வாடா டாமா. மெரெக்காக என்னை மெரட்ட வந்தீங்களா?”

ரோனா சுற்றி வளைக்கவில்லை. மீனை நீயா வைத்தாய் என்று நேராகக் கேட்டார். டெரெக் வயிறு குலுங்கச் சிரித்தான். அவன்மேல் பூங்கா விதி மீறல் ஏற்கனவே மூன்று இருக்கிறது. அதைப் பெருமையாகவே சொன்னான்.

“அந்தம்மா அனுமதி எனக்கு வேணும். இல்லங்கல. ஆனா நான் இந்த வேலை செஞ்சிருந்தா ரெண்டு மீனா வெப்பேன்? இருபது வெச்சிருப்பேன். பாக்கறவன் வயிறு எரியற மாதிரி வெச்சிருப்பேன்.”

ரோனாவின் கவனம் அவனிடம் இல்லை. ஜன்னல் திண்டில் ஒரு பாட்டில் இருந்தது. முத்திரை உடைக்காதது. மேலே விரல் கனத்துக்குத் தூசி. அச்செழுத்து மாதிரி கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு ஆற்றுக்கும், இறங்கும் முன்னும் ஏறிய பின்னும்.’

“அதுவா? பாசி பரவாம பூட்ஸக் கழுவுற சோப்பு. நெவில் வருஷா வருஷம் எல்லா விடுதிக்கும் ஒண்ணு குடுப்பான்,” என்றான் டெரெக். “நான் தொட்டதில்ல. அவன் மட்டும் தெனம் கரைச்சு வாளியில வெச்சிருப்பான். அவன் நாய் ஆத்துல எறங்குனாக்கூட காலக் கழுவிட்டுத்தான் ஏறணும். பாவம் அந்த நாய்.”

ரோனா பாட்டிலைத் திறந்து முகர்ந்து, என் மூக்கருகே நீட்டினார். அதே எலுமிச்சை. மூடினார். நன்றி சொன்னார்.

வண்டியில் ஏறியதும் நான் கேட்டேன். “இவன் இல்லையா?”

“டாமா, காலையிலேர்ந்து நாம விதிய மீறுறவனத் தேடிட்டு இருக்கோம். தப்பு. நமக்கு வேண்டியது விதிய மீறவே முடியாதவன். திருடுன பூட்ஸ் ஆனாலும் ஆத்துல வெக்கறதுக்கு முன்னாடி அவனுக்குக் கழுவியாகணும். பொய்க் கேஸுக்கு வெச்ச மீனுகூட கணக்குக்கு மேல இருக்கக் கூடாது.”

நான் சாவியைத் திருப்ப மறந்து உட்கார்ந்திருந்தேன். “செருப்பக் கழட்டி வெச்சிட்டுத் திருடப் போனவன்.”

“ஆமா. ஆனா கையில ஆதாரம் ஒண்ணும் இல்ல. கடைக்குக் கடை எலுமிச்சை சோப்பு இருக்கு.”

இரண்டு மணிக்குச் சங்கத்து ஹால் நிரம்பியிருந்தது. ஊரில் பாதிப் பேர் வேலையை விட்டு வந்திருந்தார்கள். மேடையில் மூன்று பேர் குழு. நடுவில் தலைவி ஹெதர் மௌவட். கால்நடை மருத்துவர், பசுவின் பிரசவத்திலிருந்து நேராக வந்திருந்ததால் கையை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். மெரெ முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். குல்லாவைக் கழற்றவில்லை.

சுவரில் சங்கத்தின் கௌரவப் பலகைகள். ஓரத்தில் ஒன்று மட்டும் புதுசு. வார்னிஷ் மின்னியது. பித்தளைத் தகடு உண்டு, அதில் எழுத்து இல்லை. மீன் மாட்ட இரண்டு கொக்கிகள், மீன் இல்லை. தேநீர்க் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்த பெண்மணியிடம் இது யாருடையது என்று விசாரித்தேன். நெவில் கோடை கடைசியில் செய்யச் சொன்னது, என்னவென்று கேட்டால் பொறுத்திருங்கள் என்கிறார், இப்போது அதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்றார். நான் போய் ரோனாவின் காதில் ஓதினேன். அவர் அந்த இரண்டு கொக்கிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இங்க மாட்ட வெச்சிருந்த மீனுங்கதான் அது. தன் கிரீடத்தையே கழட்டி மெரெ வண்டியில வெச்சிருக்கான்,” என்று முணுமுணுத்தார். “அவ்வளவு நம்புறான், மெரெ எப்படியும் குத்தவாளிதான்னு.”

நெவில் முதலில் சாட்சி சொன்னார். போன் வந்த நேரம், சாக்கின் நிறம், மீனின் நீளம், தடத்தின் அகலம். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. மெரெயின் மீது தனிப்பட்ட வருத்தம் தனக்கு இல்லை என்றும் சொன்னார். பிறகு லாக்லன் எழுந்து எலிகளைப் பற்றிச் சொன்னான். ஹாலில் சலசலப்பு எழுந்தது. பின்வரிசை தலையாட்டியது. ஹெதரும் தலையாட்டினார்.

நெவில் கையை உயர்த்தி அனுமதி கேட்டு எழுந்தார். குளிர்காலத்தில் ஓர் எலிகூட உயிரோடு இல்லை என்று யாரால் சத்தியம் செய்ய முடியும் என்றார். “விதிப் புத்தகத்துல எலியப் பத்தி ஒரு வரியும் இல்ல, தலைவி. மீனப் பத்தி இருக்கு. பருவத்தப் பத்தி இருக்கு. பூட்ஸ் யாருதுன்னும் நமக்குத் தெரியும்.”

குழு குனிந்து குசுகுசுத்தது. ஹெதர் நிமிர்ந்தபோது அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. எலிகள் சந்தேகத்தைக் கிளப்புகின்றன, ஆனால் மெரெ இல்லையென்றால் வேறு யார் என்று கேட்டுத்தானே ஆக வேண்டும் என்றார். மெரெ இப்போதாவது அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டால் ஒரு வருஷத்தோடு முடித்துக்கொள்ளலாம், அதுதான் எல்லாருக்கும் நல்லது என்று கிட்டத்தட்ட வேண்டினார்.

“மாட்டேன்,” என்றார் மெரெ. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. “எழுதிக்கோங்க. ஆத்த விட்டு என்னைத் தள்ளுறதுன்னா தள்ளுங்க. நானா எறங்கிப் போனேன்னு மட்டும் ஒருத்தனும் சொல்லக் கூடாது.”

ரோனா எழுந்தார். பைக்குள்ளிருந்து காலையில் மடித்து வைத்த அதே படிவத்தை எடுத்தார். மேடைக்குப் போகிற வழியில் அதில் என்னவோ எழுதினார். அதைக் குழுவின் முன்னால் வைக்காமல் நெவிலின் முன்னால் வைத்தார்.

பெயருக்கு விட்டிருந்த கோட்டில் ‘நெவில் கார்மைக்கேல்’ என்று இருந்தது.

நெவில் அதைப் படித்தார். முகத்தில் ஒரு சதையும் அசையவில்லை. “ஆதாரம்?” என்றார்.

“இல்ல,” என்றார் ரோனா. “ஒண்ணுமே இல்ல. நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். ஆனா தலைவி, நான் இவர்மேல குத்தம் சாட்டறேன். பதிவேட்டுல எழுதிக்கோங்க. நிதானமா சொல்றேன்.”

ஹெதர் குழப்பத்தோடு பேனாவை எடுத்தார். சங்கத்தின் பதிவேடு தடித்த தோல் அட்டை போட்டது. அதில் ஏறிய எழுத்தை அடிக்கும் வழக்கம் அங்கே கிடையாது. அந்த விதியை எழுதியதும் நெவில்தான்.

“நெவில் கார்மைக்கேல்,” என்றார் ரோனா, “ஜூன் பதினாறாம் தேதி, ஞாயித்துக்கெழம, மூடின பருவத்துல, முட்டையிடற மடுவுல தூண்டில் போட்டாரு.”

ஹெதர் எழுதினார். ஹாலில் பேனா ஊர்வது கேட்டது. நெவிலின் பார்வை பேனா முனையை விட்டு நகரவில்லை.

“லைசென்ஸ் செல்லாத நாள்ல ரெண்டு மீனப் புடிச்சாரு.”

எழுதினார். நெவிலின் கை தன்னையறியாமல் டையின் முடிச்சுக்குப் போனது. அவர் ஓரக் கண்ணால் அந்தப் புதிய பலகையைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

“அதுவும் எப்படி? ஆட்டுப் புழுக்க ஒட்டின பூட்ஸோட, கழுவாம, அப்படியே ஹாக்ஸ்பர்ன்ல எறங்கினாரு.”

பின்வரிசையில் யாரோ ‘ச்சீ’ என்றார்கள். முப்பது வருஷமாகச் சங்கத்தில் நெவிலைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஹெதரின் பேனா ‘கழுவாமல்’ என்ற சொல்லைத் தொடங்கியது.

“எழுதாதீங்க,” என்றார் நெவில்.

பேனா நின்றது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அவர் எழுந்து நின்றார். படிவத்தை ரோனாவின் பக்கம் தள்ளினார். காலையில் கூம்புகளை நேராக்கிய அந்தக் கை, விழுந்த நாற்காலியை நிமிர்த்தவில்லை. முன்வரிசையில் மெரெ மெதுவாகத் தன் குல்லாவைக் கழற்றினார்.

“செய்யாத தப்புக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த ரெண்டையும் நான் பிப்ரவரி ஒம்பதாந்தேதி, தொறந்த பருவத்துல, லைசென்ஸோட புடிச்சேன்; அவ பூட்ஸயும் ரெண்டு தடவ கழுவுன பொறகுதான் தண்ணியில வெச்சேன்.”